பத்து வாட் போதும்

நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்திலிருந்து ஒரு லட்சம் வாட் திறனில் வரும் தொலைக்காட்சி அலையும், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குன்றின் உச்சியிலிருந்து பத்தே வாட்டில் வரும் அலையும் ஒரு வீட்டுக் கூரையை எட்டும்போது சம வலிமையோடு இருக்கும். இடையில் தடை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் இதுதான் கணக்கு. அலையின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே விதி. தொலைவு நூறு மடங்கானால் செறிவு பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பத்து வாட்டைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஒரு லட்சம் வாட்.

பத்து வாட் என்பது ஒரு எல்.இ.டி. பல்பு எரிய ஆகும் மின்சாரம். அதை வைத்துக்கொண்டு ஒரு பள்ளத்தாக்குக்கே தொலைக்காட்சி காட்டலாம் என்பதை அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதிச் சிற்றூர்க்காரர்கள் 1950-களிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். கம்பெனி எதுவும் தேடி வரவில்லை. அரசாங்கமும் வரவில்லை. ஊர்க்காரர்களே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, மலையேறி, கம்பம் நட்டு, ஆன்டெனா கட்டினார்கள். அப்படிப்பட்ட சங்கங்கள் அங்கே இன்றும் இயங்குகின்றன. தொலைக்காட்சியின் வரலாறு பெரிய நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இந்த மனிதர்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் சேர வேண்டும்.

ரேடியோ அந்த மலைகளுக்குள் எப்போதோ போய்விட்டது. தொலைக்காட்சி மட்டும் ஏன் போகவில்லை? காரணம், படம் சுமக்கும் தகவலின் அளவு. மத்திய அலை ரேடியோ நிலையம் ஒன்றுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். அமெரிக்க முறைத் தொலைக்காட்சிச் சேனல் ஒன்றுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதாவது அறுநூறு மடங்கு. மத்திய அலை வரிசை முழுவதையும் காலி செய்து கொடுத்தாலும் அது ஒரு மெகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கும். ஒரே ஒரு சேனலைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. ஆகவே தொலைக்காட்சி 54 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே குடியேற வேண்டியதாயிற்று. அங்கே அலையின் நீளம் ஐந்து மீட்டர், இரண்டு மீட்டர் என்று சுருங்கிவிடுகிறது. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள மத்திய அலை தரையை ஒட்டித் தவழ்ந்து, குன்றைச் சுற்றி வளைந்து போகும். இரண்டு மீட்டர் அலை ஏறத்தாழ ஒளியைப் போலவே நேர்க்கோட்டில் போகும். மலை குறுக்கே நின்றால் அதன் பின்னால் நிழல் விழும்.

முழு இருட்டு என்றும் சொல்லிவிட முடியாது. கூர்மையான மலைமுகடு அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்துவிடும். முகட்டைச் சரியாக உரசிக்கொண்டு வரும் அலையில் நான்கில் ஒரு பங்கு திறன் தப்பிப் பிழைக்கும். பள்ளத்தாக்கின் ஆழத்துக்கு இறங்க இறங்க அது வேகமாகக் குறையும். அதனால்தான் ஒரே ஊரில் மேட்டு வீட்டில் படம் தெரியும்; கீழ்த்தெருவில் வெறும் புள்ளிகளாகப் பொரியும்.

மலையே இல்லாத சமவெளியிலும் பூமியின் வளைவு இருக்கிறது. ஒரு கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். காற்றின் அடர்த்தி மேலே போகப் போகக் குறைவதால் அலை சற்றுக் கீழ்நோக்கி வளைவதையும் சேர்த்த கணக்கு இது. 300 மீட்டர்க் கோபுரத்துக்கு அது 71 கிலோமீட்டர். வீட்டு ஆன்டெனா ஒன்பது மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னொரு 12 கிலோமீட்டர் சேரும். அதற்கு அப்பால் வருவதெல்லாம் அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டத்தைத் தென் தமிழகத்துக் கடலோரம் நன்றாக அறியும். 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தில் உயரமான கம்பங்களில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டுப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர். அங்கிருந்து ஒளிபரப்பினாலும் அடிவானம் 207 கிலோமீட்டர். தூத்துக்குடியோ அந்த உச்சியிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கணக்குப்படி வரக் கூடாது. ஆனால் கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான உலர்காற்றும் படியும் நாட்களில் இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை அலையை மேலே தப்பவிடாமல் வளைத்து வளைத்து அடிவானத்துக்கு அப்பாலும் கொண்டுபோகும். மேற்கு அமெரிக்காவின் வறண்ட மலைகளுக்கு இப்படிக் கடல் செய்யும் உதவி கிடையாது.

அந்த மலையூர்க்காரர்களுக்கு இன்னொரு தடங்கலும் இருந்தது. 1948 செப்டம்பரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. புதிய தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. நிலையங்கள் ஒன்றோடொன்று மோதாமல் சேனல்களை எப்படிப் பங்கிடுவது என்று ஆராய ஆறு மாதம் போதும் என்று நினைத்தார்கள். 1952 ஏப்ரல் வரை இழுத்தது. அதுவரை பெருநகரங்களில் இருந்ததுதான் தொலைக்காட்சி. இந்த இடைவெளியில்தான் ஒரிகான் மாநிலத்தின் அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸ் என்பவர் 1948-இல் ஒரு ஹோட்டல் கூரையில் ஆன்டெனா வைத்து, சியாட்டிலின் ஒளிபரப்பைப் பிடித்து, கம்பி இழுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். கேபிள் டிவியின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் கம்பி இழுக்க வீடுகள் நெருங்கியிருக்க வேண்டும். மைலுக்கு ஒரு பண்ணை வீடு என்றிருக்கும் மேய்ச்சல் நிலத்தில் கம்பிக்கான செலவே ஆளை விழுங்கிவிடும். காற்றில் அனுப்பினால் பத்து வீடானாலும் ஐந்நூறு வீடானாலும் செலவு ஒன்றுதான். அதனால் பண்ணைப் பகுதிகள் பூஸ்டர் பக்கம் போயின.

பூஸ்டரின் யோசனை எளிது. மலைமேல் நகரத்தைப் பார்த்து ஓர் ஆன்டெனா, ஊரைப் பார்த்து ஓர் ஆன்டெனா, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருக்கி. செயலில்தான் சிக்கல். நல்ல ஆன்டெனா அந்த உச்சியில் பிடிக்கும் அலை ஒரு வாட்டில் முப்பது கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். இது நடைமுறையில் வரக்கூடிய அளவுதான். அதை ஒரு வாட்டாக ஊருக்குள் அனுப்ப முப்பது கோடி மடங்கு பெருக்க வேண்டும். அப்படியானால் வெளியே போகும் அலையில் முப்பது கோடியில் ஒரு பங்கு மட்டும் பின்பக்கமாகக் கசிந்து முதல் ஆன்டெனாவுக்குத் திரும்பி வந்தால்கூடப் போதும். பெருக்கி தன் குரலையே திரும்பத் திரும்பப் பெருக்கத் தொடங்கிவிடும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தால் எழும் கீச்சொலி இதே காரணத்தால்தான் வருகிறது. மலையில் அந்தக் கீச்சு காதுக்குக் கேட்காது. ஊர் முழுவதும் படம் வரிவரியாகக் கிழியும். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்களின் படமும் சேர்ந்து கெடும். அதனால் முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஆன்டெனாக்களை நட்டு, பாறையையே நடுச்சுவராக வைத்துக்கொண்டார்கள். மின்னணுவியலோடு மலையின் வடிவத்தையும் படித்தவர்களால் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

கீச்சு அடங்கினாலும் நிழற்படம் போகாது. நகரத்திலிருந்து நேராகக் கொஞ்சம் அலை வரும், பூஸ்டர் வழியாகவும் வரும், இரண்டும் ஒரே சேனலில். பூஸ்டர் வழி 300 மீட்டர் கூடுதலானால் அந்த அலை ஒரு மைக்ரோநொடி தாமதமாக வந்து சேரும். திரையில் ஒரு வரியின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை வரைய எடுக்கும் நேரம் ஏறத்தாழ 53 மைக்ரோநொடி. ஆகவே அரை மீட்டர் அகலமுள்ள திரையில் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் மங்கலான இரட்டை நிற்கும்.

எஃப்.சி.சி. இந்த பூஸ்டர்களை அனுமதிக்கவில்லை. அதன் அச்சம் வெற்று அதிகாரத் திமிர் அல்ல. கட்டுப்பாடில்லாத ஒரு பெருக்கி எத்தனை பேரின் வரவேற்பைக் கெடுக்கும் என்பது மேலே பார்த்ததுதான். ஆனால் ஊர்க்காரர்களிடம் அதைவிட வலுவான வாதம் இருந்தது. பூஸ்டரை அணைத்துவிட்டால் அவர்களுக்கு வேறு தொலைக்காட்சி கிடையாது, அதைத் தரப்போகிறவரும் யாரும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற சிற்றூரின் பூஸ்டர் வழக்கு 1957-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. கொலராடோவில் ஆளுநர் எட்வின் ஜான்சன் இன்னும் ஒரு படி மேலே போய், 1956-இல் மாநிலத்தின் பூஸ்டர்களுக்குத் தாமே அனுமதிப் பத்திரம் கொடுத்தார். அலைவரிசை கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதற்கு முன் செனட்டில் பல ஆண்டுகள் இருந்தவர் அவர். 1960-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அனுமதி பெறாமல் கட்டப்பட்டுவிட்டவற்றுக்கும் உரிமம் பெற வழி செய்தது. அந்த ஊர்களின் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கட்சி.

தொழில்நுட்பத் தீர்வு அதற்குள் வந்துவிட்டது. அதற்கு டிரான்ஸ்லேட்டர் என்று பெயர். வரும் சேனலை அப்படியே பெருக்காமல் வேறொரு சேனலுக்கு மாற்றி அனுப்பிவிடும் கருவி. உதாரணமாக, சேனல் 4 என்பது 66-இலிருந்து 72 மெகாஹெர்ட்ஸ் வரை. டிரான்ஸ்லேட்டருக்குள் ஓர் அலையியற்றி 126 மெகாஹெர்ட்ஸில் சீராக அதிர்ந்துகொண்டிருக்கும். இரண்டையும் ஒரு கலப்பியில் சேர்த்தால் இரண்டின் கூட்டுத்தொகையிலும் வேறுபாட்டிலும் புதிய அலைகள் பிறக்கும். கூட்டுத்தொகையை மட்டும் வடிகட்டி எடுத்தால் 192-இலிருந்து 198 வரை. அதுதான் சேனல் 10. படத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, ஒலியைத் தொட வேண்டியதில்லை. ஆறு மெகாஹெர்ட்ஸ் துண்டு முழுசாக இடம் மாறி உட்கார்ந்துவிடும். வெளியே போகும் அலை திரும்பி வந்தாலும் உள்ளே நுழையும் வடிகட்டி அதைத் தடுத்துவிடும் என்பதால் கீச்சு இல்லை. நேராக வரும் அலையும் மாற்றி அனுப்பிய அலையும் வேறு வேறு சேனல் என்பதால் நிழற்படமும் இல்லை. எஃப்.சி.சி. 1956-இல் மேல் அலைவரிசையான யு.எச்.எஃப். டிரான்ஸ்லேட்டர்களுக்கும் 1960-இல் கீழ் அலைவரிசையான வி.எச்.எஃப். டிரான்ஸ்லேட்டர்களுக்கும் வழிவிட்டது. உரிமத்தோடு ஓர் அழைப்புக் குறியும் வந்தது. மிசிசிப்பிக்கு மேற்கே என்றால் முதலில் ‘கே’, பிறகு சேனல் எண், பிறகு இரண்டு எழுத்து.

அந்தக் கருவி நிற்கும் குடிசையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் தொண்டர்களின் வேலை புரியும். கதவைத் திறந்தால் ஓர் ஆள் உயர இரும்புச் சட்டம், அதில் சேனலுக்கு ஒன்றாக அடுக்கிய பெட்டிகள். மின்கம்பி எட்டாத உச்சி என்றால் சூரியத் தகடும் பேட்டரி வரிசையும். வெளியே கம்பத்தில் கம்பிக்குச்சிகளை வரிசையாக அடித்தது போன்ற யாகி ஆன்டெனாக்கள். அவற்றிலிருந்து விரல் தடிமனில் கோஆக்சியல் கேபிள் இறங்கும். கேபிளும் ஆன்டெனாவும் சேரும் திருகுமுனையில்தான் பாதித் தொல்லை. அதன்மேல் சுற்றிய டேப் வெயிலில் விரிந்து, ஒரு சொட்டு நீர் உள்ளே இறங்கினால் போதும். நடுக்கம்பியைச் சுற்றியுள்ள காப்புப் பொருள் நனைந்து அலையைக் குடித்துவிடும். மழை நின்ற பிறகும் படம் தேறாது. குளிர்காலத்தில் பனிக்கட்டி யாகியின் குச்சிகள்மேல் தடிமனாகப் படிந்து அதன் அதிர்வெண்ணை இறக்கிவிடும். எடை தாங்காமல் குச்சி வளைவதும் உண்டு. மின்னல் கம்பத்தைத் தேடி வரும். எலி கேபிளைக் கடிக்கும். இவை அநேகமாக ஜனவரியிலோ, எல்லோரும் பார்க்கும் கால்பந்துப் போட்டி நாளிலோதான் நடக்கும். அப்போது யாராவது பனிவண்டி எடுத்துக்கொண்டு மலையேற வேண்டும். அந்த யாராவது சம்பளமில்லாத ஓர் அண்டைவீட்டுக்காரர்.

இதுவரை சொன்னது நகரத்துப் படத்தை ஊருக்குக் கொண்டுவந்த கதை. ஊர் தன் படத்தைத் தானே எடுத்துக் காட்டிய கதையும் ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் லேன்ஸ்வில் என்ற குக்கிராமம். நகரத்திலிருந்து வந்து அங்கே ஒரு பெரிய பழைய வீட்டில் குடியேறிய வீடியோஃப்ரீக்ஸ் என்ற குழு 1972 மார்ச்சில் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரை வைத்து லேன்ஸ்வில் டிவியைத் தொடங்கியது. உரிமம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள், ஊர் விசேஷங்கள், பிள்ளைகள் நடித்த கௌபாய் விளையாட்டு எல்லாம் அதில் வந்தன. நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார்கள். 1977 வரை நடந்தது. தெருக்கோடிவரை எட்டினால் போதும் என்ற அளவில் ஒரு தொலைக்காட்சி இயங்க முடியும் என்று அது காட்டியது.

அவர்கள் கையில் இருந்தது சோனியின் போர்ட்டபாக்; தோளில் மாட்டிக்கொள்ளும் ரெக்கார்டரும் கையடக்கக் கேமராவும். அந்த நாடாவைப் பெரிய நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்ததற்கு இயற்பியல் காரணம் இருந்தது. அமெரிக்க முறையில் படத்தின் ஒவ்வொரு வரியும் 63.5 மைக்ரோநொடிக்கு ஒன்றாகத் தாளம் தப்பாமல் தொடங்க வேண்டும். அரையங்குல நாடா இழுபடும், தளரும், மோட்டார் சற்றே வேகம் மாறும். வரிகளின் தொடக்கம் மைக்ரோநொடிக் கணக்கில் முன்பின் ஆடும். நிலையத்தின் கருவிகளால் அந்த ஆட்டத்தைத் தாங்க முடியாது. ஆனால் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி வரும் தாளத்தைப் பின்தொடர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். படத்தின் மேற்பகுதி கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். இடையில் நிலையம் என்று ஒன்று இல்லாதபோது அந்த எளிய கேமராவே போதுமானதாக இருந்தது. ஆடும் தாளத்தைத் திருத்தும் டிஜிட்டல் கருவிகள் 1970-களின் போக்கில் வந்த பிறகே பெரிய நிலையங்கள் சிறு நாடாவைச் சேர்த்துக்கொண்டன.

நம் நாட்டில் தரைவழித் தொலைக்காட்சி தூர்தர்ஷனுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஊர்ச் சங்கம் ஒன்று டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. சமுதாய வானொலிக்கு மட்டும் கதவு திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004-இல் அந்த வரிசையில் முதலாவதாக வந்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. பொதுவாக நூறு வாட், முப்பது மீட்டர்க் கோபுரம், எட்டும் தூரம் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். கொலராடோ மலைக்காரர்கள் கண்ட அதே அருகாமைக் கணக்குதான் இங்கேயும் வேலை செய்கிறது. படத்துக்கும் அந்த உரிமை கிடைத்திருந்தால் நீலகிரியிலும் கொல்லிமலையிலும் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-ஆம் தேதி டிஜிட்டலுக்கு மாறின. டிரான்ஸ்லேட்டர்களுக்கு 2021 ஜூலை 13 வரை அவகாசம் இருந்தது. மாற்றம் சங்கங்களுக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் அமைந்தது. அனலாக் காலத்தில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று படம் தாவும்போது ஒவ்வொரு தாவலிலும் இரைச்சல் சேர்ந்துகொண்டே போகும். கடைசி ஊருக்குப் பனி பொழியும் படம்தான் வரும். டிஜிட்டல் டிரான்ஸ்லேட்டரால் வந்த அலையைப் பிரித்து, பூச்சியங்களையும் ஒன்றுகளையும் மீட்டு, பிழைகளைத் திருத்தி, புத்தம் புதிதாக அனுப்ப முடியும். ஐந்தாவது மலையிலும் படம் முதல் மலையில் இருந்தது போலவே இருக்கும். ஒரே ஆறு மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 19.39 மெகாபிட் போகும் என்பதால் முன்பு நான்கு பெட்டி செய்த வேலையை ஒன்று செய்யும். மினசோட்டாவின் ஏரிப்பகுதியில், அலெக்ஸாண்ட்ரியாவில் செலக்டிவ் டிவி என்ற லாபநோக்கற்ற சங்கம் இந்த வசதியைக் கொண்டு பல சேனல்களைச் சுற்றுவட்டாரத்துக்கு இலவசமாகத் தருகிறது. பாதகம் விளிம்பில் இருப்பவர்களுக்கு. அனலாக் படம் மங்கி மங்கித் தேயும், பார்த்துச் சமாளிக்கலாம். டிஜிட்டலில் அலையின் திறன் இரைச்சலைப் போல முப்பது மடங்குக்குச் சற்று மேல் இருக்கும் வரை படம் முழுசாகத் தெரியும். அதற்குக் கீழே இறங்கினால் திரை உறைந்து ஒன்றுமே இல்லாமல் போகும்.

போதாக்குறைக்கு, 2017-இல் முடிந்த அலைக்கற்றை ஏலத்தில் 38 முதல் 51 வரையிலான சேனல்கள் கைப்பேசி நிறுவனங்களின் பக்கம் போயின. அங்கே இருந்த டிரான்ஸ்லேட்டர்கள் வேறு சேனல் தேடிக் குடிபெயர வேண்டியிருந்தது. ஆன்டெனா, வடிகட்டி எல்லாமே அலைநீளத்துக்கு அளவெடுத்துச் செய்தவை என்பதால் சேனல் மாறினால் பலவற்றையும் மாற்ற வேண்டும். 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறு நிலையங்களுக்கும் டிரான்ஸ்லேட்டர்களுக்கும் இந்தச் செலவை ஈடுகட்ட 15 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அது நியாயமான முடிவு.

அன்றாடச் செலவுக்குத்தான் வழி சுலபமில்லை. காற்றில் போகும் அலையைப் பணம் கட்டாதவர் வீட்டுக்கு மட்டும் நிறுத்த முடியாது. இதனால் தொடக்கத்திலிருந்தே சந்தா கட்டுபவர்கள் சிலர், பார்ப்பவர்கள் எல்லோரும் என்ற நிலைதான். மொன்டானாவில் சட்டப்படியே தொலைக்காட்சி மாவட்டங்கள் அமைத்து வீட்டுவரியைப் போலச் சிறு வரி வாங்க வழி செய்தார்கள். மற்ற இடங்களில் நன்கொடைதான். டிரான்ஸ்லேட்டர் சொந்தமாக நிகழ்ச்சி காட்டக் கூடாது என்ற பொது விதிக்கு எஃப்.சி.சி. ஒரு விலக்கு வைத்திருந்தது. பராமரிப்புக்கு நிதி கேட்கும் அறிவிப்பை மணிக்கு முப்பது விநாடி மட்டும் ஒளிபரப்பலாம். பணம் வந்தாலும் மலையேற ஆள் வேண்டும். இளையவர்கள் செயற்கைக்கோளுக்கும் இணையத்துக்கும் போய்விட்ட ஊர்களில் உரிமத்தைத் திருப்பி ஒப்படைத்துவிட்ட சங்கங்கள் உண்டு. இணையம் இன்னும் சரியாக எட்டாத, மாதக் கட்டணம் கட்ட வசதியில்லாத முதியவர்கள் மிகுந்த பள்ளத்தாக்குகளிலோ, உள்ளூர்ச் செய்தியும் காட்டுத்தீ எச்சரிக்கையும் இன்றும் அந்தக் குடிசையிலிருந்துதான் வருகின்றன. அங்கெல்லாம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி, அடுத்த குளிர்காலத்துக்குக் குடிசைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதுதான்.